சல்லடையும் பதினொரு பட்டியலும்

லிப்ட் கதவு செய்யும் அந்தக் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சல்லடை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஆபீஸ் கோப்பில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கணக்குப் பிரிவுப் பெரியவருக்கு ஒரே காலையில் மூன்று லாட்டரிப் பரிசும், வாரிசில்லாமல் செத்த ஏதோ ஒரு கோமானின் சொத்து முழுவதும் மெயிலில் வந்து சேர்ந்தன. அன்றைக்கு அவர் படியேறி வந்து, "ஏம்ப்பா, நீ வச்சிருக்கிறது சர்வரா, சல்லடையா?" என்று கேட்டார். கேள்வியை அன்றே எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வயது நாற்பத்து நான்கு. தலையில் முடி மிச்சமிருப்பது காதுக்கு மேலே ஓரமாக, வேலி போட்ட மாதிரி. எனவே வந்து குவிந்த குப்பை மெயில்களில் முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரங்களை மட்டும் அவர் தனிப்பட்ட தாக்குதலாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் மாடியில், போட்டோகாப்பி மெஷினுக்கும் மின்சாரப் பெட்டிக்கும் நடுவே அவருடைய அறை. அதற்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கீழே சோதனைக் கூடம் தெரியும். அங்கே லிப்டே இல்லாமல் ஒரு லிப்ட் கதவு மட்டும் இரும்புச் சட்டத்தில் நின்றுகொண்டு நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடும். மணிக்கு ஒருமுறை ஒரு தொழிலாளி வந்து மூடுகிற கதவின் நடுவே ஒரு கட்டையை நீட்டுவார். கதவு கட்டையைத் தொட்டதும் பதறிப்போய்த் திறந்துகொள்ளும். அவர் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். ஒன்பது வருஷமாகச் சல்லடை இதைப் பார்த்துவந்தார். இதில் தனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நமக்கு எழுத விஷயம் இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் முதலாளிக்கு வந்த ஒரு மெயில். 'உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லைக் கொடுத்தால் பெரிதாக்கித் தருகிறோம்' என்று அதில் இருந்தது. முதலாளி நல்ல மனிதர். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கொடுத்துவிட்டார். அடுத்த இரண்டு நாள் அவருடைய பெயரில் உலகத்துக்கெல்லாம் தொப்பை கரைக்கும் டீத்தூளுக்குச் சிபாரிசுக் கடிதம் போயிற்று. கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் மரியாதையாக விலை விசாரித்துப் பதில் எழுதியதுதான் முதலாளியை அதிகம் புண்படுத்தியது.

"இனிமே ஒரு குப்பை என் கண்ணுல படக் கூடாது," என்றார் சல்லடையைக் கூப்பிட்டு. "நீ என்ன செய்வியோ ஏது செய்வியோ, எனக்குத் தெரியாது."

தடுப்புப் பட்டியல் என்ற ஒன்றைச் சல்லடை கண்டடைந்தது அப்போதுதான். அது ஒன்றும் மாயமில்லை. எந்தெந்த சர்வரிலிருந்து குப்பை கிளம்புகிறது என்று இரவும் பகலும் கவனித்து, அவற்றின் இணைய முகவரி எண்களை எழுதி வைப்பதே வேலையாகக் கொண்ட சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். நம் வாசலில் ஒரு சர்வர் வந்து 'மெயில் கொண்டுவந்திருக்கிறேன்' என்றால், நம்முடைய சர்வர் அவர்களிடம் 'ஆள் எப்படி?' என்று ரகசியமாக விசாரிக்கும். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்கிற மாதிரி. 'பட்டியலில் இருக்கிறான்' என்று பதில் வந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

நல்ல பெயர் எடுத்த ஒரு பட்டியலைச் சேர்த்தார். நாளுக்கு ஆறாயிரமாக வந்த மெயில் ஒரே நாளில் இரண்டாயிரமாகக் குறைந்தது. இரண்டாம் மாடியில் கைத்தட்டல் எழுந்தது. தட்டியவர் ஒருவர்தான், அவரும் போட்டோகாப்பி எடுக்க வந்தவர். ஆனாலும் கைத்தட்டல் கைத்தட்டல்தானே. பாராட்டே பழகாத மனிதருக்கு ஒரு சொட்டு போதும், தலைக்கு ஏறிவிடும். ஒரு பட்டியல் இவ்வளவு செய்தால் பதினொன்று எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டார் சல்லடை. ஒன்பதே நாளில் பதினொன்றும் சேர்ந்தன. பதினொன்றில் ஏதாவது ஒன்று தலையாட்டினாலும் மெயில் காலி.

பட்டியல் நடத்துகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தில் 'இது எதற்கு, எதற்கு இல்லை' என்று விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சல்லடை தலைப்பு மட்டும் வாசிக்கிறவர். அதனால் ஏழாவது பட்டியலில் இருந்தவை கெட்டவர்களின் எண்கள் அல்ல என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவை வீட்டு இணைய இணைப்புகளின் எண்கள். ஏதோ ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர், சர்வர் வேஷம் போட்டு நேராக நம் வாசலுக்கே வந்து தட்டினால் அது பெரும்பாலும் நோய் பிடித்த கம்ப்யூட்டர்தான். உள்ளே விடாதே என்பதற்காகத்தான் அந்தப் பட்டியல். 'வாசலில் வந்து நிற்பவரை மட்டும் இதில் தேடுங்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

சல்லடை என்ன செய்தார்? மெயில் கிளம்பிய இடத்திலிருந்து வந்து சேர்ந்த இடம்வரை வழியில் ஒவ்வொரு கையிலும் விழுந்த எண் முத்திரைகள் அத்தனையையும் ஏழாவது பட்டியலில் தேடச் சொல்லிவிட்டார். கொரியர் கொண்டுவந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். இவர் கடிதம் எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று துருவினார். ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் என்ன குற்றம்? அதை அவர் யோசிக்கவில்லை. சில அஞ்சல் சேவைகள் அந்த வீட்டு முத்திரையைக் காட்டும், சில காட்டாது. காட்டுகிற சேவையில் வீட்டிலிருந்து எழுதிய அப்பாவிகள் எல்லோரும் மாட்டினார்கள்.

மாட்டியது அவர்களுக்கே தெரியாது. அது சல்லடையின் இரண்டாவது சாதனை. தடுத்த மெயிலைக் காரணம் சொல்லித் திருப்பாமல், வாங்கிக்கொண்டேன் என்று சொல்லி வாங்கி, அப்படியே அழித்துவிடும்படி அமைத்திருந்தார்.

"திருப்பி அனுப்பினா அவனுக்கு விஷயம் தெரிஞ்சுடும் சார், வேற வழியா வருவான்," என்று கணக்குப் பெரியவரிடம் விளக்கினார். "இப்ப போனது போன இடம் தெரியாது."

"அது சரிப்பா. ஆனா எனக்கு இப்பல்லாம் யாருமே எழுதுறதில்ல," என்றார் பெரியவர். "லாட்டரிக்காரன் போனா போறான். ஊர் மாறிப் போன என் கூட்டாளி ஒருத்தன், தினம் காலைல ஒரு மெயில் போடுவான். அவனும் நிறுத்திட்டான்."

"நட்புன்னா அப்படித்தான் சார்," என்று ஆறுதல் சொன்னார் சல்லடை.

பத்தொன்பது நாள் கம்பெனியில் அமைதி நிலவியது. முதலாளி தன் அஞ்சல் பெட்டியின் அடித்தளத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். சல்லடை, குறைந்துவரும் குப்பையை வரைபடமாக்கிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார். கோடு மேலிருந்து கீழே சறுக்கு மரம் மாதிரி இறங்கியது.

இருபதாம் நாள் வியாழக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்தே பேசுவாள்.

"ஏங்க, தங்கச்சி உங்க கம்பெனிக்கு அனுப்பின மெயில் போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டீங்களா?"

மூன்று தெரு தள்ளி, நாலாவது மாடியில் இருந்தாள் கொழுந்தியா. சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைந்துகொடுக்கும் கடையில் இரண்டு வருஷம் இருந்தவள். கடை மூடி நாலு மாதமாகிறது. லிப்ட் கம்பெனியின் வரைபடப் பிரிவில் இரண்டு இடம் காலி என்று விளம்பரம் வந்ததும், அவள் தன் குடியிருப்பில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் லிப்ட் கதவை டேப்பும் கையுமாக ஒரு வாரம் அளந்து, முழுசாக வரைந்து, கீழ்த் தண்டவாளம் மூன்று மில்லிமீட்டர் சாய்ந்திருப்பதுதான் கோளாறு என்று குறிப்பும் எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தாள். அந்தக் கதவு இந்தக் கம்பெனி செய்ததுதான். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் புதன் மாலை ஆறு மணி. அவள் அனுப்பியது திங்கள். சந்தேகத்துக்குச் செவ்வாயும் ஒருமுறை, புதனும் ஒருமுறை.

"மூணு தடவை அனுப்பியிருக்கா. வந்துச்சுன்னு ஒரு வார்த்தை பதில் இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் வந்திருக்காம்," என்றாள் மனைவி.

"முகவரிய தப்பா அடிச்சிருப்பா."

"மூணு தடவையுமா?"

"உங்க குடும்பத்துல ஒரு தப்பைப் பிடிச்சா விட மாட்டீங்களே," என்றார் சல்லடை. அன்று அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தேர்வெழுதப் போகிறவர்களின் பட்டியல் கீழ்த்தளத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. ஐந்து மணிக்கு அது முடிந்த முடிவு, தேர்வு திங்களன்று. சல்லடை இரண்டுமுறை மேலிருந்து கீழும் ஒருமுறை கீழிருந்து மேலும் வாசித்தார். கொழுந்தியா பெயர் இல்லை. அறைக்கு வந்து போன் போட்டார்.

"ஏம்மா, நான் சர்வர் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கேன். அதே மெயில இப்ப அனுப்பு பாப்போம்."

"அனுப்பிட்டேன் மாமா. போயிடுச்சுன்னு காட்டுது."

திரையில் சர்வரின் லாக் ஓடிக்கொண்டிருந்தது. வருவது போவது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கொழுந்தியாவின் முகவரி வந்தது. நேரம், தலைப்பு, யாருக்கு, எல்லாம் சுத்தம். வரியின் கடைசியில்: ஏழாவது பட்டியல், ஆம், அழிக்கப்பட்டது.

"மாமா? வந்துச்சா?"

"வந்துச்சும்மா," என்றார் சல்லடை. "வந்து, போயிடுச்சு."

அப்புறம்தான் ஏழாவது பட்டியலின் பக்கத்தைத் திறந்து தலைப்புக்குக் கீழேயும் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் காது சூடாகியது. மற்றப் பத்துப் பட்டியலும் 'தெரியாது' என்று கைவிரித்திருக்க, ஏழாவது மட்டும் தலையாட்டியதால் அழிந்த மெயில்கள் எத்தனை என்று தேடினார். நூற்று நாற்பத்து மூன்று. அதில் விண்ணப்பம் அனுப்பியவர்கள் மட்டும் பன்னிரண்டு பேர். கணக்குப் பெரியவரின் கூட்டாளியிடமிருந்து நாளுக்கொன்றாக இருபத்தொன்று. கடைசியாக வந்ததன் தலைப்பு: 'ஏன்டா, கோபமா?'

மணி இரண்டே முக்கால். அழிந்த மெயிலைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மிச்சமிருப்பது லாக்கில் உள்ள வரி மட்டும். கொழுந்தியாவின் விண்ணப்பம் திங்கட்கிழமையே வந்துவிட்டது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி, அதைத் தூக்கிப் போட்டது யார் என்று சொல்லும் அதே வரிதான்.

சல்லடை ஒரு காரியம் செய்தார். அவரைக் கௌரவமானவர் என்று நம்பி இதுவரை வாசித்தவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் அச்செடுத்தார். எடுக்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, கடைசிப் பகுதி தாளுக்கு வெளியே விழும்படி பார்த்துக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு ஆள் சேர்ப்புப் பிரிவு மேடத்திடம் போனார்.

"மேடம், ஒரு விண்ணப்பம் நேரத்துக்கே வந்திருக்கு. சர்வர்ல கொஞ்சம்... சிக்கிக்கிச்சு."

மேடம் தாளை வாங்கினார். அவர் அனுபவச் சான்றிதழ்களில் தேதி திருத்தியதை எல்லாம் பிடித்துப் பிடித்துக் கண் கூராகிப் போனவர்.

"இந்த வரி முடியலையே?"

"தாள் சின்னது மேடம்."

"பெரிய தாள் அந்த அலமாரில இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்."

சல்லடை அலமாரியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுமாதிரி எத்தனை பேர்?"

"விண்ணப்பம் பன்னிரண்டு பேர். மொத்த மெயில் நூத்தி நாப்பத்தி மூணு."

"நீங்க கொண்டுவந்தது ஒண்ணு."

"ஆமா மேடம்."

"யாரு இவங்க உங்களுக்கு?"

"என் சம்சாரத்தோட தங்கச்சி."

மேடம் அந்தத் தாளை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "பன்னிரண்டையும் அச்செடுங்க. முழு வரி. கீழ உங்க கையெழுத்து. இவங்க எனக்கு உறவுன்னு அதுலயே எழுதுங்க. முதலாளிகிட்ட போவோம்."

முதலாளி தாளைப் படித்து முடிக்கும்வரை ஜன்னல் வழியாகச் சோதனைக் கூடத்துக் கதவின் சத்தம் மட்டும் கேட்டது. திறந்தது, மூடியது. கட்டைக்காரர் வரும் நேரம், கட்டையை நீட்டினார். கதவு திறந்துகொண்டது.

"நம்ம கதவு, நடுவுல கை வந்தா என்ன பண்ணும்?" என்றார் முதலாளி.

"திறந்துடும் சார்."

"உன் கதவு?"

சல்லடை யோசித்து, உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தார். "கையோட மூடிடும் சார். கை போனது அவங்களுக்குக்கூடத் தெரியாது."

"இப்படி ஒரு கதவை நான் வித்திருந்தா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க." முதலாளி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பன்னிரண்டு பேருக்கும் அஞ்சு மணிக்குள்ள நீயே போன் பண்ணு. திருப்பி அனுப்பச் சொல்லு. மிச்ச மெயிலுக்கு அடுத்த வாரம் பூரா போன் பண்ணு. மேடம், அந்தப் பொண்ணு பேப்பரை நம்ம ஆளுங்க திருத்த வேண்டாம். மத்த கிளைக்கு அனுப்பிடுங்க, பேரை மறைச்சு."

போன் எண்களை லாக் சொல்லாது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டுப் போன் செய்தவர்களின் எண்களை வரவேற்பு மேஜைப் பெண் நோட்டில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தார்கள். சல்லடை ஏழாவது பட்டியலை அப்போதைக்கு நிறுத்திவிட்டு, தன் போனிலிருந்து முதல் எண்ணைக் கூப்பிட்டார்.

"வணக்கம்ங்க. நான் லிப்ட் கம்பெனிலேருந்து பேசறேன். உங்க விண்ணப்பம் வந்து அழிஞ்சுபோச்சு. சான்றிதழை எல்லாம் இப்பவே மறுபடி அனுப்பினீங்கன்னா..."

"யாருங்க நீங்க? வேற வேலை இல்ல?"

"இல்லங்க, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும், அவசரம்."

"அவசரம்னுதான் எல்லாத் திருடனும் சொல்றான்," என்று எதிர்முனை போனை வைத்தது.

மறுபடி அடித்தார். போகவில்லை. அடுத்த எண்ணிலும் இதே கதை. அங்கே ஓர் அம்மா, "மகனே, உழைச்சுச் சாப்பிடப் பாரு," என்று அறிவுரை சொல்லிவிட்டு வைத்தார். மூன்றாமவர் வாய் திறக்கும் முன்பே வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் சல்லடையின் எண் மூன்று பேருடைய போனில் தடுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. தான் பேசியது உண்மைதானே, செய்த தவறு என்ன என்று யாரிடம் முறையிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் இருபத்தொரு நாளாகப் பிறரை உட்கார வைத்தவர் அவர். அன்று தானே உட்கார்ந்து பார்த்தார்.

கடைசியில் மேடம்தான் கம்பெனியின் லேண்ட்லைனிலிருந்து, "விளம்பரத்துல இருக்கிற எண்ணுக்கே நீங்க திருப்பி அடிச்சு சரிபாருங்க," என்று சொல்லிப் பேசினார். பத்துப் பேர் அனுப்பினார்கள். பதினோராவது கொழுந்தியா. பன்னிரண்டாவது அந்த முதல் மனிதர். யார் எந்தப் போனில் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அவர் கதி இன்றுவரை தெரியாது. சல்லடை அவர் எண்ணைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். நாலே முக்காலுக்குப் பலகையில் புதுப் பட்டியல் ஏறியது.

சனிக்கிழமை முழுக்க அவர் சர்வரோடு கிடந்தார். பதினொன்று இரண்டாயிற்று. இரண்டின் பக்கங்களையும் கடைசி வரிவரை வாசித்தார். ஏழாவது இருந்தது, ஆனால் வாசலில் நிற்பவரை மட்டும் பார்க்கும்படி. அடிக்கடி எழுதுகிற வாடிக்கையாளர்களுக்குத் தனியாக 'இவர்களைத் தடுக்காதே' என்று ஒரு பட்டியல். தடுக்கிற மெயிலை இனி அழிப்பதில்லை. வாசலிலேயே, 'இன்ன பட்டியலில் இருப்பதால் ஏற்கவில்லை, தவறென்றால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று சொல்லித் திருப்பிவிடும். அந்த எண் சல்லடையின் மேஜைப் போன். முதல் அழைப்பு திங்கள் காலை வந்தது. பேசியவர் முடி வளர்க்கும் எண்ணெய்க் கம்பெனிக்காரர். மிகவும் மனவருத்தத்தில் இருந்தார்.

"ஆமாங்க, நான்தான் தடுத்தேன்," என்றார் சல்லடை. "காரணம் சொல்றேன், கேளுங்க." இருபது நிமிஷம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் வேலை நேரத்தில் இருந்ததே இல்லை என்று போட்டோகாப்பி எடுக்க வந்தவர் சொல்கிறார்.

கணக்குப் பெரியவர் தன் கூட்டாளிக்கு நாலு பக்கம் எழுதினார். சல்லடையிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

வரைபடத் தேர்வின் முடிவு பத்து நாளில் மற்ற கிளையிலிருந்து வந்தது. பெயரை மறைத்து எண்ணால் குறித்திருந்தார்கள். முதலிடம் வேறொருவருக்கு, இரண்டாமிடத்து எண்ணை மேடம் பிரித்துப் பார்த்துவிட்டுச் சல்லடையை நிமிர்ந்து பார்த்தார். நியமனக் கடிதத்தை மெயிலில் அனுப்பினார்.

ஐந்து நிமிஷத்தில் அது திரும்பி வந்தது. கொழுந்தியாவின் அஞ்சல் சேவை அதை ஏற்கவில்லை. சல்லடையைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி வந்ததை நிதானமாக, அடிவரை வாசித்தார். 'உங்கள் சர்வரிலிருந்து அண்மையில் ஏராளமான குப்பை மெயில் கிளம்பியதால் இன்ன பட்டியலில் இருக்கிறீர்கள். கோளாறு சரியாகிவிட்டதென்றால் இந்தப் பக்கத்தில் விண்ணப்பித்து விலகிக்கொள்ளலாம்.' தொப்பை கரைக்கும் டீத்தூள்! முதலாளியின் பெயரில் போன அந்தச் சிபாரிசுகள் கம்பெனியையே எங்கோ ஒரு பட்டியலில் ஏற்றி வைத்திருந்தன. ஆனால் என்ன தெளிவு! காரணம் இருக்கிறது, எங்கே போய்க் கேட்பது என்று இருக்கிறது, மரியாதைகூட இருக்கிறது. சல்லடை அதை அச்செடுத்து, சாப்பாட்டு அறைச் சுவரில் தன் வரைபடம் இருந்த இடத்தில் ஒட்டினார். விலகுவதற்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு நாளாகும் என்றது.

இரண்டு நாள் யார் காத்திருப்பது? கடிதத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அவரே மூன்று தெரு நடந்தார். லிப்ட் கதவு பாதியில் சிக்கி நின்றது. படியேறினார். நாலாவது மாடியில் கதவைத் திறந்த கொழுந்தியா, மூச்சிரைக்கும் மனிதரையும் நீட்டிய கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய வாய்த்துடுக்கு திரும்பிவிட்டது.

"இதுக்கு நாலு மாடி ஏறணுமா மாமா? மெயில்ல அனுப்பியிருக்கலாம்ல?"

"அனுப்பினோம்மா. காரணம் சொல்லித் திருப்பிட்டாங்க," என்றார் சல்லடை, வேலை தெரிந்த ஒருவரைப் பற்றிப் பேசுகிற மரியாதையோடு.